மாலதிக்கு, எந்தக் கால் முன்னால் என்று கேட்டதற்கு

கால்கரி
ஜனவரி 18

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்த அன்றைக்கு இங்கே சினூக் காற்று. காலையில் மைனஸ் 18, சாயங்காலம் பார்த்தால் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. இந்தக் காற்று வந்தால் எனக்கு மண்டையிடியும் கூடவே வந்துவிடும்; இத்தனை வருஷமாகியும் பழகவில்லை. அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு. கண் நன்றாகத் தெரிகிறது என்றதும் அடுப்படிக்குள் நுழையப் பார்ப்பார்கள், விடாதே.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஆபீஸ் கும்பலோடு பனிச்சறுக்கு விளையாட ப்ளூ மவுண்டன் போகிறாய், ஸ்னோபோர்டு (பக்கவாட்டில் நின்று பனியில் சறுக்கும் பலகை) வாடகைப் படிவத்தில் 'ரெகுலரா, கூஃபியா' என்று கேட்டிருக்கிறது. இடது கால் முன்னால் என்றால் ரெகுலர், வலது கால் முன்னால் என்றால் கூஃபி. நீ இடதுகைக்காரி, அதனால் கூஃபி என்று டிக் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறாய். உன் வீட்டுக்காரரும் ஆமாம் என்றாராம்.

ஏட்டி, அந்த டிக்கை முதலில் அழி. கைக்கும் இதற்கும் நேர்க்கோடு போட முடியாது. என் வீட்டிலேயே பார். நானும் என் மகள் நிலாவும் வலதுகைக்காரர்கள். நான் ரெகுலர், அவள் கூஃபி. உன் வீட்டுக்காரர் கிரிக்கெட் பைத்தியம் அல்லவா, அவரிடம் கேள்: சச்சின் எழுதுவது இடது கையால், மட்டை பிடித்ததும் பந்து போட்டதும் வலது கையால். உடம்பு ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகப் பக்கம் பிரித்துக்கொள்கிறது. கை ஒன்றைச் சொன்னால் கால் அதைக் கேட்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

இதற்கென்று ஆளுக்கொரு பரீட்சை சொல்வார்கள். கண்ணை மூடி நில், பின்னாலிருந்து ஒருவர் தள்ளுவார், எந்தக் கால் முதலில் முன்னால் போகிறதோ அதுதான் என்பார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. தள்ளப் போகிறார்கள் என்று தெரிந்தவுடனே உடம்பு தயாராகிவிடும். தவிர, அது விழாமல் தப்பிக்கும் காலைக் காட்டுமே தவிர, சறுக்க நிற்கும் காலைக் காட்டாது. பந்தை எந்தக் காலால் உதைப்பாய், மாடிப்படியில் எந்தக் காலை முதலில் வைப்பாய் என்றும் கேட்பார்கள். நிலாவுக்கு இவை எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். ஒன்று இடது என்றது, இன்னொன்று வலது என்றது. கடைசியில் அவள் காலுறையோடு மரத்தரையில் ஓடிவந்து சறுக்கினாள். ஒவ்வொரு தடவையும் வலது கால்தான் முன்னால். பனியிலும் அதுவே நின்றது. நான் மதிப்பது இந்த ஒரு பரீட்சையைத்தான், ஏனென்றால் சறுக்கலைச் சறுக்கிப் பார்த்துத்தானே தெரிந்துகொள்ள முடியும்!

இதை எழுதும்போதுதான் பாளையங்கோட்டை விடுதி வராந்தா நினைவுக்கு வந்தது. ஐப்பசி மழையில் சாரல் அடித்து சிமெண்டுத் தரை வழவழவென்று கிடக்கும். வார்டன் படுத்ததும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து சறுக்குவோம். நீ தூண் வரைக்கும் போவாய், நாங்கள் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவோம். உன் இடது கால்தான் முன்னால் இருக்கும். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்தக் காலில்தான் கொலுசு அறுந்து போய் ஊரெல்லாம் தேடினோம். அப்படியானால் நீ இடதுகைக்காரியாக இருந்தும் ரெகுலராக இருக்கலாம். ஆனாலும் இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய சாட்சியை நம்பிப் பணம் கட்டாதே. இன்றைக்கே காலுறை போட்டு ஹாலில் சறுக்கிப் பார். சோபாவை நகர்த்திவிட்டுச் செய்.

கடையில் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன். முன்னும் பின்னும் ஒரே வடிவமாக இருக்கும் ட்வின் போர்டு கேள். காலைப் போர்டோடு பூட்டும் பைண்டிங் இரண்டும் ஒரே அளவு வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும், இந்தப் பக்கம் 15 டிகிரி, அந்தப் பக்கமும் 15 டிகிரி. டக் ஸ்டான்ஸ் என்றால் அவர்களுக்குப் புரியும். இப்படி இருந்தால் காலை மாற்ற ஒரு திருகாணியையும் தொட வேண்டாம்; போர்டை மறுபக்கமாக ஓட்டினால் போதும். மூக்குப் பக்கம், அதாவது முன்முனை, நீண்ட டைரக்ஷனல் போர்டைக் கொடுத்தார்களானால், பைண்டிங்கைக் கழற்றி மாட்டினால்தான் கால் மாறும்.

ஆரம்பத்தில் இந்தக் கால் கேள்வியே இல்லை. 1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் பெண் பிள்ளைகளுக்காக இரண்டு ஸ்கீயைச் சேர்த்துப் பூட்டி 'ஸ்னர்ஃபர்' என்று ஒன்றைச் செய்தார், ஸ்னோபோர்டுக்கு அதுதான் முன்னோடி. அதில் பைண்டிங்கே கிடையாது. பிற்பாடு அதன் மூக்கில் ஒரு கயிறு வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு எந்தக் கால் வேண்டுமானாலும் முன்னால் வைத்து நிற்கலாம். காலைப் போர்டோடு பூட்ட ஆரம்பித்த பிறகுதான் இப்படிப் படிவத்தில் டிக் போடும் சங்கடம் வந்தது.

ரெகுலர்தான் ஒழுங்கு, கூஃபி ஏதோ கோளாறு என்று உங்கள் கும்பலில் யாராவது சொன்னால் காதில் வாங்காதே. கடலில் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களைப் பார். 11 உலகப் பட்டம் வென்ற கெல்லி ஸ்லேட்டருக்கு இடது கால் முன்னால்; மூன்று பட்டம் வென்ற கேப்ரியல் மெதினாவுக்கு வலது. அங்கேயாவது அலை ஒரு பக்கமாக உடைகிறது, அலையைப் பார்த்து நிற்கிறோமா, முதுகைக் காட்டி நிற்கிறோமா என்பது கணக்கு. பனிச்சரிவு நேராகக் கீழே போகிறது, அதற்கு இடமும் இல்லை வலமும் இல்லை.

அப்படியென்றால் ஏன் இவ்வளவு யோசனை என்று கேட்பாய். முன்கால்தான் வண்டியை ஓட்டுகிறது, அதனால்தான். முதல் நாள் பயத்தில் எல்லோரும் பின்னால் சாய்வார்கள். சாய்ந்ததும் போர்டின் மூக்கு எழும்பும், திரும்ப மறுக்கும், வேகம் கூடும். வேகம் கூடினால் இன்னும் சாய்வோம். அந்த நேரத்தில் மலைக்குக் கீழே உடம்பைச் சாய்த்து முன்காலில் எடையைப் போட வேண்டும். புத்தி சொல்லும், உடம்பு கேட்காது. நீ நம்புகிற கால் முன்னால் இருந்தால் சீக்கிரம் கேட்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்று, லிஃப்டில் ஏறும்போதும் சமதரையில் நகரும்போதும் முன்கால் மட்டும்தான் பூட்டியிருக்கும். பின்காலால் தள்ளிப் போக வேண்டும். முன் முழங்கால் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். உனக்கு வலது முழங்கால் வலி உண்டே, இடது முன்னால் வந்தால் அதுவும் ஒரு வசதி.

முதல் வகுப்பிலேயே உன் கால் உனக்குத் தெரிந்துவிடும். ஃபாலிங் லீஃப் என்று ஒரு பயிற்சி கொடுப்பார்கள். குதிகால் விளிம்பைப் பனியில் பதித்து, கீழே பார்த்தபடி, சரிவுக்குக் குறுக்கே இடப்பக்கம் போய், பிறகு வலப்பக்கம் போய், இறங்கிக்கொண்டே வர வேண்டும். இதில் பாதி நேரம் இடது கால் முன்னால், பாதி நேரம் வலது கால் முன்னால். வாத்தியார் பாலன்ஸுக்காகச் சொல்லிக்கொடுப்பார், நீ வேறொன்றைக் கவனி: எந்தப் பக்கம் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறாய்? அது உன் பக்கம் இல்லை. இரண்டும் சமமாக இருந்தால் பிழைத்தாய், எதையாவது எடுத்துக்கொள். ஆனால் ஒன்றை எடுத்த பிறகு, ஒருமுறை விழுந்தவுடன் மாற்றாதே. விழுவது எந்தக் காலோடும் நடக்கும். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அதே காலோடு போ. நன்றாகப் பழகிய பிறகு மற்றக் காலை முன்னால் வைத்தும் ஓட்டலாம், ஸ்விட்ச் என்பார்கள், அது அப்புறம்.

ஆன்டாரியோவில் மெஷின் போட்ட பனி இறுகிக் கல்லாகக் கிடக்கும். அதனால் மணிக்கட்டுக்குக் காப்பு மாட்டாமல் போகாதே. புதிதாகக் கற்கிறவர்களுக்கு அடிக்கடி முறிவது மணிக்கட்டுதான். விழும்போது உள்ளங்கையை ஊன்றாதே, கையை மடக்கி முழங்கையிலிருந்து முன்கை முழுக்க விழு. பல் ஆஸ்பத்திரியில் உன் வேலையே கையை நம்பித்தான்.

நிலாவும் நானும் சேர்ந்து இறங்கும்போது ஒரு வேடிக்கை. எனக்கு முகம் வலப்பக்கம் பார்க்கும், அவளுக்கு இடப்பக்கம். அவள் என் வலப்பக்கம் வந்தால் முகத்தோடு முகம் பேசிக்கொண்டே வரலாம். இடம் மாறினால் முதுகோடு முதுகு, எவள் எங்கே திரும்புகிறாள் என்று எவளுக்கும் தெரியாது. அதனால் இறங்குவதற்கு முன்னால் யார் எந்தப் பக்கம் என்று பேசிவைப்போம். உங்கள் கும்பலிலும் பக்கத்தில் வருகிறவர் ரெகுலரா கூஃபியா என்று கேட்டுவைத்துக்கொள்.

நிலா இந்த வருஷம் பன்னிரண்டாவது. படிப்பு பற்றிக் கேட்டால் பதில் வராது, பனி எவ்வளவு விழுந்தது என்று கேட்டால் சென்டிமீட்டரில் சொல்வாள். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று தம்பி சொன்னான். சித்திரைக்கு ஊருக்குப் போகலாமா என்று பார்க்கிறேன், டிக்கெட் விலைதான் மலைப்பாக இருக்கிறது.

மார்ச்சில் கார்த்திக்குக் கல்லூரி பார்க்க இங்கே வருவதாகச் சொன்னாய். நகிஸ்காவுக்குப் போவோம், 1988 ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டிய பனிச்சறுக்கு இடம், எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். காப்பும் ஹெல்மெட்டும் என்னிடம் இருக்கிறது, நீ பூட்ஸ் சைஸை மட்டும் எழுது. ஹாலில் சறுக்கிப் பார்த்து எந்தக் கால் வந்தது என்பதையும் சேர்த்து எழுது. உன் வீட்டுக்காரரையும் சறுக்கச் சொல்.

அன்புடன்,
வசந்தி