எங்கள் வயலை வயலாகவே வைத்திருக்க உதவியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் உழவர் சந்தையில் வெண்டைக்காய் விற்றுவிட்டு வந்து கணக்குப் பார்த்தேன். வீட்டுக்காரர் இறந்த வருஷம் வாங்கிய கடனில் கடைசித் தவணையும் முடிந்துவிட்டது. கூடையைக்கூட கழுவாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், ஏனென்றால் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் மாறுதலாகிப் போய்விட்டார்கள், நேரில் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மதுரைக்கு வடக்கே எங்கள் ஊர். கம்மாய்க்குக் கீழே 40 செண்ட் நஞ்சை, மேட்டில் கிணற்றோடு ஒரு ஏக்கர் புஞ்சை, அவ்வளவுதான் எங்கள் சொத்து. 2023 ஆடி மாதம் அந்தப் புஞ்சையை விற்கச் சம்மதித்துவிட்டேன். பக்கத்து நிலம் ஏற்கெனவே மனையாகிவிட்டது, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் எங்கள் வரப்பு வரைக்கும் வந்துவிட்டது. ஆடி முடியட்டும், ஆவணி பிறந்ததும் அட்வான்ஸ் தருகிறேன் என்று புரோக்கர் சொல்லியிருந்தார். பிள்ளைகள் படிப்பு, கடன், கிணற்றில் தண்ணீர் இல்லை, நான் வேறு என்ன செய்வது?

அந்த ஒரு மாத இடைவெளியில்தான் அப்போதிருந்த வி.ஏ.ஓ. அம்மா அடங்கலுக்காகப் பயிர் பார்க்க வந்தார்கள். கிணற்று மேட்டில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தவர்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பட்டா இன்னும் மாமனார் பெயரில் இருந்தது. அதை மாற்ற ஓர் அலுவலகத்துக்கு எட்டுத் தடவை அலைந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு காகிதம் குறைகிறது என்று திரும்பி வந்திருந்தேன். அவர்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "விற்கவும் பட்டா வேணும், வச்சுக்கவும் பட்டா வேணும். முதல்ல அதை மாத்துவோம், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க." வாரிசுச் சான்றுக்கு என்னென்ன வேண்டும் என்று என் மகனின் பழைய நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு சல்லிக் காசு வாங்கவில்லை. கையெழுத்துப் போட வேலை நாளில் லீவு போட்டு வந்த என் கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும் இந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறேன், பங்கு கேட்காமல் விட்டுக்கொடுத்தது சின்ன விஷயம் இல்லை.

பட்டா வந்ததும் குறு விவசாயி சான்றும் வந்தது. இரண்டரை ஏக்கருக்குள் நிலம் இருந்தால் குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. இந்தச் சான்று இருந்தால் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு நூறு சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். பட்டா பழைய பெயரிலேயே கிடப்பதால் இதெல்லாம் கைக்கு வராமல் இருக்கிறவர்கள் எங்கள் ஊரிலேயே நிறையப் பேர், தயவுசெய்து அதை முதலில் பாருங்கள்.

கம்மாய் வரத்துக் கால்வாய் விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. மனை போட்டவர்கள் கால்வாயை மூடிச் சின்னக் குழாயைப் பதித்திருந்தார்கள். அந்த வருஷம் அக்டோபர் 2 கிராம சபையில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் எழுந்து கேட்டோம். அப்போதைய ஊராட்சித் தலைவர் அண்ணன் தீர்மானத்தில் எழுதியதோடு நிற்கவில்லை, சர்வேயரைக் கூட்டிவந்து புல வரைபடத்தை வைத்துச் சங்கிலி பிடித்து அளக்க வைத்தார். கால்வாய் புறம்போக்கு என்று தெளிவானதும் குழாயைத் தோண்டி எடுத்தார்கள். பிறகு நூறு நாள் வேலைக்கு வந்த அக்காமார்தான் சீமைக்கருவேல முள்ளை வெட்டி, வேரைப் பறித்து, கால்வாயைத் தூர்வாரினார்கள். கையெல்லாம் முள் கிழித்த காயம். எங்கள் கம்மாயில் தண்ணீர் நின்றதே அவர்களால்தான்.

2024-இல் கம்மாய் மண்ணை இலவசமாக எடுக்க தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று ஆனது. புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், நஞ்சைக்கு 75. நான் முப்பது டிராக்டர் நடை கரம்பை அடித்தேன், வண்டி வாடகை மட்டும் என் செலவு. கறுப்பாக, வழவழவென்று, கம்மாய் வாசத்தோடு அந்த மண் வந்து குவிந்ததைப் பார்த்தபோது அழுதுவிட்டேன். மண்வெட்டி போட்டால் நத்தை ஓடு நறநறவென்று உடையும். இன்றைக்கும் வெண்டைச் செடி அடியில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கிறது.

சொட்டுநீர்க் குழாய்க்கு அலைந்தது முழுக்கத் தோட்டக்கலைத் துறைத் தம்பிதான். மண், தண்ணீர் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது முதல் கம்ப்யூட்டரில் பதிவு பண்ணுவது வரை கூடவே இருந்தார். உழவர் சந்தை அடையாள அட்டைக்கும் அவரே வயலுக்கு வந்து பாத்தியை எண்ணினார், எப்போது விதை போட்டீர்கள், எப்போது முதல் பறிப்பு என்று துருவித் துருவிக் கேட்டார். என்னைச் சந்தேகப்படுகிறாரே என்று முதலில் மனசு வலித்தது. வியாபாரிகள் விவசாயி பெயரில் உள்ளே வந்துவிடாமல் இருக்கத்தான் இந்தச் சோதனை என்று பிறகு புரிந்தது. அப்படிக் கறாராக இருந்தால்தான் எங்களுக்கு இடம் கிடைக்கும்.

என் மாமனாரும் அந்தச் சந்தையில் விற்றவர். 1999 நவம்பர் 14-ஆம் தேதி முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள், அந்தக் காலத்திலேயே தலையில் கத்தரிக்காய்க் கூடையோடு போவாராம். அவருடைய பழைய அட்டை டிரங்குப் பெட்டியில் கிடைத்தது, என் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன். கடைக்கு வாடகை இல்லை, தராசு அவர்களே தருகிறார்கள், விலையைக் காலையிலேயே பலகையில் எழுதிவிடுகிறார்கள். மொத்த விலையைவிட எங்களுக்குக் கூடுதல், வாங்குகிறவருக்கு வெளிக்கடையைவிடக் குறைவு. தரகு, கமிஷன் எதுவும் இல்லாமல் காசு அப்படியே என் முந்தானையில் வந்து விழுகிறது. முதல் நாள் எனக்குத் தராசு பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பக்கத்துக் கடை கீரை அக்காவுக்கும், விடியற்காலை டவுன் பஸ்ஸில் முகம் சுளிக்காமல் கூடையை ஏற்றிவிடும் கண்டக்டர் அண்ணன்களுக்கும் நன்றி.

இன்றைக்கு மேட்டுப் புஞ்சையில் வெண்டையும் புடலையும் நிற்கிறது. புரோக்கர் போன மாதம்கூட வந்தார், மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வி.ஏ.ஓ. அம்மா, நீங்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. கரம்பை போட்ட பிறகு பறித்த முதல் வெண்டையை ஒரு பையில் கட்டி உங்கள் ஆபீசுக்கு எடுத்து வந்தேன், மாறுதலில் போய்விட்டதாகச் சொன்னார்கள். இதைப் படித்தால் ஒரு நாள் வீட்டுக்கு வாங்க. நீங்கள் எழுதிக் கொடுத்த நோட்டுத் தாள் பட்டாவோடு பத்திரமாக இருக்கிறது.