காலம் கடந்த அப்பீல்: என் அணித் தலைவருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அணித் தலைவர் அண்ணா அவர்களுக்கு,

வணக்கம். அறிவிப்புப் பலகையில் நேற்று ஒட்டப்பட்ட அணிப் பட்டியலில் என் பெயர் பன்னிரண்டாவதாக, அதுவும் பக்கத்தில் 'தண்ணீர்' என்ற குறிப்புடன், இடம்பெற்றிருப்பதைப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளாக விக்கெட் கீப்பராகத் தங்கள் பந்துகளை விலா எலும்பாலும் முழங்காலாலும், சில வேளைகளில் கையுறையாலும் தடுத்து வந்தவன் என்ற முறையில், இந்த முடிவைச் சீராய்வு செய்யுமாறு கேட்கும் உரிமை எனக்கு உண்டு என்று நம்புகிறேன். நேரில் பேசத்தான் முதலில் நினைத்தேன். இரண்டு முறை தங்கள் அறைக் கதவைத் தட்டினேன். முதல் முறை மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு வாதுரை எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள்; இரண்டாம் முறை உறங்கிக்கொண்டிருப்பதாகத் தாங்களே உள்ளிருந்து குரல் கொடுத்தீர்கள். இரண்டு வாய்தாக்களுக்குப் பிறகும் விசாரணை தொடங்காததால், எழுத்துமூலமாகவே என் தரப்பைச் சமர்ப்பிக்கிறேன்.

நடந்தவற்றில் நமக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பொறியியல் கல்லூரிக்கு எதிரான அரையிறுதியின் நான்காவது ஓவரில், அவர்களுடைய தொடக்க ஆட்டக்காரர் ஒன்பது ஓட்டங்களில் இருந்தபோது, தாங்கள் வீசிய பந்து எதையோ உரசிக்கொண்டு என் கையுறைக்குள் வந்து அமர்ந்தது. உலகத்தின் எந்த விக்கெட் கீப்பரும் அந்த நொடியில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அவுட் கேட்டுக் கத்தியிருப்பார். எனக்கோ இரண்டு நாட்களில் சாட்சியச் சட்டத் தேர்வு. நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் முதல் ஸ்லிப்பில் நின்றவரிடம், சத்தம் மட்டையிலிருந்து வந்ததா, கால்காப்பான பேடிலிருந்து வந்ததா என்று கேட்டேன். அது எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது என்றார் அவர். இரண்டாம் ஸ்லிப்பில் நின்ற முதலாண்டு மாணவர், இது குற்றவியல் வழக்கு என்றால் சந்தேகத்திற்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்றும், உரிமையியல் வழக்கு என்றால் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகமோ அதுவே போதும் என்றும் விளக்கினார். (அவர் வகுப்பில் ஒருநாளும் இப்படி வாய் திறந்ததில்லை.) குற்றம் சாட்டப்பட்டவரை நம் நீதிமன்றத் தமிழில் 'எதிரி' என்றுதான் எழுதுகிறோம், எதிரணி ஆட்டக்காரரும் எதிரிதான், ஆகவே இது குற்றவியல் வழக்குதான், சந்தேகத்தின் பலன் அவருக்கே போக வேண்டும் என்று நான் ஏறத்தாழ ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். பந்து எப்போது என் கையை விட்டுத் தங்களிடம் போய்ச் சேர்ந்தது என்பதே எனக்கு நினைவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது தாங்கள் அடுத்த பந்துக்கு ஓடி வந்துகொண்டிருந்தீர்கள். ஒன்பதில் தப்பியவர் எண்பத்து நான்கு ஓட்டங்கள் எடுத்தார். நாம் இருபத்தொரு ஓட்டங்களில் தோற்றோம். இரவு மெஸ்ஸில் அவர் வந்து, மட்டையில் நன்றாகவே பட்டது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

இனி சட்டத்திற்கு வருகிறேன். 1744இல் முதன்முதலாக எழுதி வைக்கப்பட்ட காலம் தொட்டுக் கிரிக்கெட்டுக்கு இருப்பவை வெறும் விதிகள் அல்ல, சட்டங்கள். மெரில்போன் கிரிக்கெட் கழகத்தின் பொறுப்பில் இன்று அவை நாற்பத்திரண்டு. அவற்றில் 31ஆவது சட்டம் முழுவதும் அப்பீலைப் பற்றியது, அதாவது ஆட்டக்காரர் அவுட்டா என்று நடுவரிடம் கேட்பதைப் பற்றியது. ஆட்டக்காரர் உண்மையிலேயே ஆட்டமிழந்திருந்தாலும், பந்துவீசும் அணியில் களத்தில் நிற்பவர்களில் ஒருவராவது கேட்காத வரையில் நடுவர் அவரை அவுட் என்று அறிவிக்கக் கூடாது. அந்தக் கேள்வியும் பந்துவீச்சாளர் அடுத்த பந்துக்கான ஓட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பே எழ வேண்டும். நீதிமன்றத்தில் முதலில் தீர்ப்பு வருகிறது, அதன் பிறகுதான் மேல்முறையீடு. மைதானத்தில் முதலில் அப்பீல், அதற்குப் பிறகே தீர்ப்பு. வாரத்தில் ஐந்து நாள் ஒரு வரிசையில் சிந்திக்கப் பழக்கப்பட்ட ஒருவன் ஆறாம் நாள் காலையில் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்? மேல்முறையீட்டுக்குத் தொண்ணூறு நாள், முப்பது நாள் என்று காலவரம்புகளை மனப்பாடம் செய்து வைத்திருப்பவனுக்கு, ஒரு வேகப்பந்து வீச்சாளர் திரும்பி நடந்து போய் நிற்கும் நேரம்தான் காலவரம்பு என்பது உறைப்பதற்குச் சற்றுத் தாமதம் ஆகத்தானே செய்யும்?

அந்தக் காலவரம்பை முடித்து வைத்தவர் யார் என்ற கேள்வியையும் தயக்கத்துடன் எழுப்ப வேண்டியிருக்கிறது. ஓடத் தொடங்கியவர் தாங்கள். கீப்பர்தான் கேட்க வேண்டும் என்று 31ஆவது சட்டம் சொல்லவில்லை. களத்தில் நின்ற பதினொருவரில் யார் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம், பந்து வீசியவர் உட்பட. தாங்கள் அப்போது மிட்-ஆஃப் ஆட்டக்காரரை நான்கு அடி இடப்புறம் நகர்த்தி, பின் மூன்று அடி வலப்புறம் நகர்த்திக்கொண்டிருந்தீர்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பங்களிப்புக் கவனக்குறைவு, அதாவது இழப்பில் தங்கள் கவனக்குறைவுக்கும் பங்குண்டு, என்ற அளவில் பதிவு செய்கிறேன். ஆனால் அந்தப் பந்தை வீசியவரும், விக்கெட்டை இழந்தவரும், என்னை நீக்கிய தேர்வுக் குழுவின் ஒரே உறுப்பினரும் ஒருவரே என்பதை அப்படி எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பதைத் தாங்கள்தான் எங்களுக்கு மூத்த மாணவராக வந்து பாடம் எடுத்தீர்கள். கால்வாய் நிறுவனம் ஒன்றில் பங்குகள் வைத்திருந்த காரணத்திற்காக, அந்த நிறுவனத்துக்குச் சாதகமாக இங்கிலாந்தின் மூத்த நீதிபதியான லார்ட் சான்சலர் காட்டன்ஹாம் அளித்த தீர்ப்பை 1852இல் பிரபுக்கள் சபை ரத்து செய்த கதையை அன்று எவ்வளவு உணர்ச்சியோடு சொன்னீர்கள்! காட்டன்ஹாமுக்குக் கால்வாயில் இருந்ததைவிடத் தங்களுக்கு அந்த விக்கெட்டில் அக்கறை அதிகம், அண்ணா.

நூலகத்தின் உடைந்த சன்னலையும் என் மீதே சுமத்தியிருக்கிறீர்கள். அதை நான் உடைத்தது உண்மை. இதற்குப் போல்டன் எதிர் ஸ்டோன் என்ற இங்கிலாந்து வழக்கை மேற்கோள் காட்டலாம் என்று ஓர் இரவு முழுவதும் அதைப் படித்தேன். மைதானத்திலிருந்து பறந்துபோன பந்து சாலையில் நின்ற பெண்மணியைத் தாக்கிய அந்த வழக்கில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் ஆறு முறை அளவில்தான் பந்து அப்படி வெளியே போயிருக்கிறது, இவ்வளவு சிறிய அபாயத்துக்காகக் கழகத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று 1951இல் தீர்ப்பானது. நம் மைதானத்திலோ பந்து ஒரு சனிக்கிழமையிலேயே ஆறு முறை நூலகத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே அந்த வாதத்தை நானே கைவிடுகிறேன். சன்னலுக்குப் பணம் கட்டிவிடுகிறேன், தவணை முறையில்.

சட்டை விவகாரத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு நல்ல வெள்ளைச் சட்டை. காலையில் அதே சட்டையில் தங்கள் பந்துகளுக்காகப் பாய்ந்து விழுந்துவிட்டு, மாலையில் அதன் மேல் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு மாதிரி நீதிமன்றத்தில் நிற்கிறேன். சென்ற மாதம் நீதிபதியாக அமர்ந்திருந்த பேராசிரியர், வழக்கின் எந்தப் பொருண்மை குறித்தும் கேட்காமல், முழங்கையில் இருக்கும் பச்சைக் கறை எதனால் என்று மட்டும் கேட்டார். தங்கள் பெயரை நான் அப்போதும் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு என் வேண்டுகோள் சிறியது. ஞாயிறு ஆட்டத்தில் தண்ணீர் சுமக்க ஆட்சேபணை இல்லை. மாற்று ஆட்டக்காரர் பந்து வீசவோ தலைமை தாங்கவோ முடியாதென்றாலும், நடுவர்களின் ஒப்புதலோடு விக்கெட் கீப்பராக நிற்கலாம் என்று 24ஆவது சட்டம் இடம் கொடுக்கிறது. என் இடத்தில் தாங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் தம்பியின் விரல்களுக்குத் தங்கள் வேகம் இன்னும் பழக்கமில்லை என்பதால், பத்தாவது ஓவருக்குள் என் தேவை வரலாம். அப்போது பழைய பகையை மனத்தில் வைக்காமல் என்னைக் கூப்பிடுங்கள்.

முன்போல் தயங்க மாட்டேன். கடந்த நான்கு இரவுகளாக விடுதியின் மாடி வராந்தாவில் நின்று, எதையும் யோசிக்காமல், யாரையும் கலந்து பேசாமல், அப்பீல் கேட்கும் 'ஹௌஸ் தட்' என்ற சொல்லை முழுத் தொண்டையில் கத்திப் பழகி வருகிறேன். நேற்று இரவு ஒன்றரை மணிக்குக் காப்பாளர் விளக்கை எரியவிட்டு மேலே வந்தார். நாளைக் காலைக்குள் எழுத்துமூலமான விளக்கம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதையும் இன்றிரவே எழுத வேண்டியிருப்பதால், இக்கடிதத்தை இத்துடன் நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
பன்னிரண்டாம் ஆட்டக்காரன்