வைஃபை சிப்பின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், விண்டோஸ் 10 முடிந்துபோனதால் பழைய லேப்டாப்பை எடைக்குப் போட வேண்டாம், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. யோசனை நல்ல யோசனைதான், நானும் அதையேதான் செய்தேன். ஆனால் அதில் 'அரை மணி நேர வேலை' என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்கு அந்த அரை மணி நேரம் பதினோரு நாள் ஆனது.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும் முக்கால்வாசி வேலை ஆன்லைன் விண்ணப்பம்தான். நாகலூர், செம்மடுவு, வாழவந்தி பக்கமிருந்தெல்லாம் வருவார்கள், உதவித்தொகை, டி.என்.பி.எஸ்.சி., காலேஜ் அட்மிஷன் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே லேப்டாப், 2015-இல் வாங்கியது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், புதிய தலைமுறை பிராசசர் வேண்டும். என் லேப்டாப்பில் இரண்டும் கிடையாது. ஊர்க்காரர்களின் ஆதார் எண்ணும் பாங்க் கணக்கும் தட்டுகிற மெஷினை அப்டேட் இல்லாமல் ஓட்ட மனசு வரவில்லை.

சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கும் என் தம்பி மகன் ஒரு சனிக்கிழமை மேலே வந்து லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். பென் டிரைவிலிருந்து முதலில் அப்படியே ஓடியது, திரை நன்றாக இருந்தது, மவுஸ் ஓடியது, பையன் வேகமாக 'இன்ஸ்டால்' அமுக்கிவிட்டான். கீழே மூலையில் வைஃபை பட்டியல் வரவே இல்லை என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. எல்லாம் முடிந்து பழைய விண்டோஸ் அழிந்த பிறகுதான், "அத்தை, வைஃபைக்கு டிரைவர் இல்லை" என்றான். எனக்குச் சட்டென்று எங்கள் மலைப்பாதைதான் ஞாபகம் வந்தது. இருபது கொண்டை ஊசி வளைவு, டிரைவர் இல்லாமல் பஸ்ஸை அடிவாரத்தில் நிறுத்தி வைத்த மாதிரி.

அப்புறம் அவன் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. மெஷினின் ஒவ்வொரு பாகத்தையும் ஓட்டும் மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பெயர். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கர்னல் என்ற அதன் மையப் பகுதிக்குள்ளேயே கூடவே வருகின்றன, அதனால்தான் மவுஸும் கேமராவும் சி.டி. எதுவும் போடாமலே வேலை செய்கின்றன. வைஃபை சிப் போன்ற சிலவற்றில் இன்னொரு சங்கதி உண்டு. டிரைவர் தவிர ஃபர்ம்வேர் என்று ஒரு கோப்பு, மெஷின் கிளம்பும்போது அதைச் சிப்புக்குள் ஏற்ற வேண்டும். அந்தக் கோப்பைத் தயாரிப்பாளர்தான் தர வேண்டும், மூலநிரல் பெரும்பாலும் கிடைக்காது. கட்டற்ற மென்பொருள் கொள்கையில் உறுதியாக இருக்கும் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகைக்காரர்கள் ரொம்ப வருஷம் இந்தக் கோப்புகளைத் தங்கள் அதிகாரபூர்வ இன்ஸ்டால் டிஸ்கில் சேர்க்கவே இல்லை. 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12-லிருந்துதான் சேர்த்தார்கள். இன்டெல் வைஃபை என்றால் டிரைவர் கர்னலில் இருக்கிறது, ஃபர்ம்வேரும் கூடவே வந்துவிடுகிறது, நோகாமல் ஓடும். ஏதெராஸ் என்ற கம்பெனியின் பழைய சிப் பலவற்றுக்கு அந்தக் கோப்புகூட வேண்டாம். என் லேப்டாப்பில் இருந்தது வேறு ரகம், டிரைவரையே தயாரிப்பாளர் மூடி வைத்துத் தனியாகத் தருவது. பெயர் சொல்லிப் பழி போட வரவில்லை.

அந்த டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். வைஃபைக்கு அந்த டிரைவர் வேண்டும்! இதற்கு வழி இருக்கிறது, உங்கள் கட்டுரையில் ஒரு வரி போட்டிருக்கலாம்: போனை யு.எஸ்.பி. கேபிளில் மாட்டி 'யு.எஸ்.பி. டெதரிங்' ஆன் செய்தால் லினக்ஸ் அதை வயர் கனெக்‌ஷன் மாதிரி எடுத்துக்கொள்ளும், எந்த டிரைவரும் கேட்காது. எங்கள் கடையில் போன் சிக்னல் ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் கிடைக்கும் என்பதால், ஜன்னல் கம்பியில் போனைச் செருகி, கேபிளை நீட்டி, மூடுபனி உள்ளே வர வர ஒருவழியாக இறக்கினோம். இடையில் ஒரு கடவுச்சொல் போடச் சொன்னது, போட்டான். ரீஸ்டார்ட் அமுக்கிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டான்.

திரும்ப ஆன் ஆகும்போது நீலமாக ஒரு திரை வந்தது. நான் அப்போது ஒருவருக்கு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். நீலத் திரை என்றால் விண்டோஸ் காலத்திலிருந்தே எனக்குப் பயம், தொடவில்லை. பத்து எண்ணி அதுவாகவே போய்விட்டது. வைஃபை வரவில்லை. மூன்று நாள் கழித்து போனில் சொன்னபோதுதான் அவன் தலையில் அடித்துக்கொண்டான். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் கிளம்ப விடும் காவல்) ஆன் ஆகி இருக்கும் மெஷினில் வெளியிலிருந்து வரும் டிரைவரைக் கர்னல் நம்ப வேண்டுமானால், அந்த நீலத் திரையில் ஏதாவது ஒரு பட்டனைத் தட்டி, 'என்ரோல் எம்.ஓ.கே.' என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பு போட்ட கடவுச்சொல்லையே திரும்பப் போட வேண்டுமாம். பத்து வினாடிக்குள் தட்டாவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே போய்விடும். ஏன் வேலை செய்யவில்லை என்று பிறகு ஒரு வார்த்தையும் சொல்லாது. இதை யார் யோசித்து வைத்தார்களோ!

நடுவில் ஒரு நாள் பொறுமை இழந்து கீழே சேலத்துக்கே போய்விட்டேன். யு.எஸ்.பி.யில் செருகினால் வைஃபை தரும் டாங்கிள் என்ற குட்டிக் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று, பையனின் ஹாஸ்டல் நண்பன் வைத்திருக்கும் அதே கம்பெனி, அதே மாடலின் போட்டோவைக் கடையில் காட்டினேன். "லினக்ஸ்ல ஓடுமாப்பா?" என்று கேட்டேன். "எல்லாத்துலயும் ஓடும்க்கா, எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். மேலே வந்து டப்பாவைப் பிரித்தால் உள்ளே விண்டோஸ் டிரைவர் அடங்கிய குட்டி சி.டி. என் லேப்டாப்பில் சி.டி. போடும் இடமே கிடையாது. டாங்கிளும் ஓடவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஒரே மாடல் பெயரிலேயே வெர்ஷன் ஒன்று, இரண்டு, மூன்று என்று வருமாம், டப்பா மாறாது, உள்ளே இருக்கும் சிப் மாறிவிடும். வெர்ஷன் எண் பின்னால் எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது. திருப்பித் தரப்போனால் "டப்பா பிரிச்சாச்சுக்கா". 600 ரூபாய், பஸ் சார்ஜ் தனி.

சரி, கடைசியில் நீலத் திரையை இரண்டாம் முறை வரவழைத்து, இந்த முறை பக்கத்திலேயே உட்கார்ந்து தட்டினேன். வைஃபை வந்துவிட்டது. அப்போதுதான் ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை என்பதையே கவனித்தோம்.

ஜெராக்ஸ் கடைக்கு எதற்குச் சத்தம் என்று கேட்பீர்கள். செம்மடுவிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர் சாயங்காலம் வந்து குரூப் 4 வகுப்பு கேட்பார்கள், அவர்கள் வீட்டில் சிக்னல் எடுக்காது. ஹெட்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் கேட்கவில்லை, ஒரு ஹெட்போனை இரண்டு பேர் எப்படிப் பங்கு போடுவது? இந்த வேலையை மட்டும் போனில் கேட்டுக் கேட்டு நானே செய்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கட்டளை தட்டும் டெர்மினலில் 'அல்சாமிக்சர்' என்று தட்டினால் கருப்புத் திரையில் வரிசையாகக் கம்பங்கள் நிற்கும். எஃப்6 அமுக்கி சவுண்டு கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் பல லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. ஒன்று, ஸ்பீக்கர் ஒன்று என்று இரண்டு இருக்கும், சத்தம் பாட்டுக்கு இல்லாத டி.வி.க்குப் போய்க்கொண்டிருக்கும். ஒரு கம்பத்தின் அடியில் 'எம்எம்' என்று இருந்தால் அது வாயடைத்துக் கிடக்கிறது, எம் பட்டனைத் தட்டினால் '00' ஆகும். எனக்கு அதிலும் சரியாகவில்லை. வலது பக்கம் நகர்ந்துகொண்டே போனால் கடைசியில் 'ஆட்டோ மியூட்' என்று ஒன்று. ஹெட்போன் மாட்டினால் ஸ்பீக்கரை நிறுத்தும் வேலை அதனுடையது. என் லேப்டாப்பில் ஹெட்போனைக் கழற்றிய பிறகும், மாட்டித்தான் இருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. அதை அணைத்ததும் கடை அதிரச் சத்தம் வந்தது. ரீஸ்டார்ட் செய்தாலும் நிலைக்க 'அல்சாசிடிஎல் ஸ்டோர்' என்ற கட்டளையையும் கொடுத்துவிட வேண்டும். இதில் ஒரு தொந்தரவு உண்டு: இப்போது ஹெட்போன் மாட்டினாலும் ஸ்பீக்கர் சேர்ந்தே பாடும். எதிர் டீக்கடைக்காரருக்கு அரசியலமைப்புச் சட்டத்தின் 356-வது பிரிவு இப்போது மனப்பாடம்.

நான் இதை லினக்ஸைக் குறை சொல்ல எழுதவில்லை. பத்து வயசு மெஷின் புதுசு மாதிரி ஓடுகிறது. கர்னலின் சவுண்டு டிரைவரில், எந்தக் கம்பெனியின் எந்த மாடலில் ஸ்பீக்கர் சவுண்டு சிப்பின் எந்தக் காலில் இணைக்கப்பட்டிருக்கிறது என்று மாடல் வாரியாக நீளமாக ஒரு பட்டியலே இருக்கிறதாம், யார் யாரோ தங்கள் லேப்டாப் ஊமையானபோது உட்கார்ந்து கண்டுபிடித்து அனுப்பியவை. அதைக் கேட்டபோது எனக்கே கொஞ்சம் நெஞ்சு நிறைந்தது.

என் குறை வேறு. உங்கள் பத்திரிகையில் தீபாவளிக்கும் ஆடிக்கும் முழுப் பக்க லேப்டாப் விளம்பரம் வருகிறது. பிராசசர் இருக்கும், ரேம் இருக்கும், 'பேக் இலவசம்' என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். வைஃபை சிப் யாருடையது என்று ஒரு விளம்பரத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? கடை பில்லிலும் இல்லை, டப்பாவிலும் இல்லை. பருப்பு வாங்கினால்கூட பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று எழுதுகிறார்கள். சிப்பின் பெயர் முன்பே தெரிந்தால் ஓடுமா ஓடாதா என்று ஐந்து நிமிடத்தில் போனிலேயே தேடிப் பார்த்துவிடலாம்.

அதுவரைக்கும், அடுத்த முறை இப்படிக் கட்டுரை போட்டால் இதையாவது சேருங்கள். விண்டோஸை அழிக்கும் முன் அதன் டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர், சவுண்டு இரண்டின் பெயரையும் போனில் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, இன்ஸ்டால் அமுக்காமல், வைஃபையில் சேர்ந்து ஒரு பாட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வைஃபை வராவிட்டால் டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, '-என்என்கே' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேர்த்தால் சிப்பின் பெயரும் அதற்குக் கீழே எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்றும் வரும். டிரைவர் வரியே இல்லை என்றால் அங்கேயே நின்று யோசிக்கலாம். கீழ்த்தெரு வாத்தியார் ஒருவர் லினக்ஸில் வைஃபை செத்துவிட்டது என்று தூக்கி வந்தார், பார்த்தால் லேப்டாப் பக்கவாட்டில் இருந்த சின்ன சுவிட்ச் ஆஃபில் இருந்தது. சிக்னல் பக்கத்தில் இருந்தும் ஒரே ஒரு கோடு காட்டினால் ஆன்டெனா பிரச்சினையாக இருக்கலாம், சில லேப்டாப்பில் ஒரே ஆன்டெனாவை மாட்டியிருப்பார்கள், டிரைவரோ ஆன்டெனா மாட்டாத பக்கத்தில் தேடிக்கொண்டிருக்கும். ரியல்டெக் 8723பிஇ சிப் என்றால் அதற்கு 'ஏஎன்டி செல்' என்று ஒரு அமைப்பு உண்டு, எண்ணை மாற்றிப் பார்க்கலாம். புத்தம் புது லேப்டாப்பில் 'டம்மி அவுட்புட்' என்று காட்டினால் பல சமயம் சவுண்டு ஃபர்ம்வேர் கோப்பு இல்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. தனியாகப் போட்ட டிரைவர் ஒவ்வொரு கர்னல் அப்டேட்டின்போதும் அதற்கேற்பப் புதிதாகத் தயாராக வேண்டும், சில சமயம் பெரிய அப்டேட் வந்தால் தயாராகாமல் முரண்டு பிடிக்கும், அப்போது ஆன் செய்யும்போது பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம் என்று பையன் சொல்லி வைத்திருக்கிறான். இதை எழுதும்போது திரையின் மூலையில் புதுக் கர்னல் வந்திருப்பதாக ஒரு குறி நிற்கிறது. உதவித்தொகைக்குக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை பையன் வருகிறான், வந்த பிறகு அமுக்கிக்கொள்கிறேன்.

ஜெராக்ஸ் கடை வாசகி,
ஏற்காடு, சேலம் மாவட்டம்