அடுத்த பெருந்தொற்றுக்குத் திட்டம் போடும்போது எங்களுக்கும் ஒரு மணி நேரம்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் மதுரையில் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். "கொரோனா காலத்தில் உங்கள் வேலை எப்படி நடந்தது?" என்று எங்களை யாரும் கேட்கவில்லை. சரி, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவோம் என்றுதான் இந்த மடல்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. தொலைமருத்துவத்துக்கான மத்திய அரசின் நெறிமுறைகளும் அதே நாளில்தான் வந்தன. ஆவலாகப் படித்தேன். அவை பதிவுபெற்ற மருத்துவர்களுக்கானவை. எங்கள் பதிவோ இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் இருக்கிறது. போனில் பார்க்கலாமா கூடாதா என்று அந்த வாரம் சொல்ல ஆளில்லை. பார்க்கத் தொடங்கிவிட்டோம்.

எங்கள் அறையில் கதவைச் சாத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். போனில் அந்தக் கதவு கிடையாது. ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் அடைந்து கிடக்க, பக்கத்தில் மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருக்க, ஒரு பெண் எதைப் பேசுவாள்? மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பேசினார்கள், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினார்கள். ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தேன்: யாராவது வந்துவிட்டால் "கேஸ் புக் பண்ணணும்" என்று சொல்லுங்கள், நான் புரிந்துகொள்கிறேன். (அதைச் சொல்லாத வாரமே இல்லை.) அப்புறம் மௌனம். எதிரே உட்கார்ந்திருப்பவரின் மௌனத்தைக் கண்ணால் படிக்கலாம். போனில் அவர் அழுகிறாரா, டவர் போய்விட்டதா? "லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டு நான் கெடுத்த மௌனங்கள் எத்தனையோ.

டாஸ்மாக் மூடிய நாட்களில் கை நடுக்கத்தோடும் தூக்கமில்லாமலும் வந்த அழைப்புகளை உடனே மருத்துவரிடம் அனுப்பினோம். அது பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை.

பேச வேண்டியவை 2021 மே மாதம் வந்தன. "முகத்தைக்கூடப் பார்க்கல மேடம்." இதை எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! நீர்மாலை இல்லை, வாய்க்கரிசி இல்லை, பதினாறாம் நாள் காரியத்துக்கு நாலு பேர். போனவர் போய்விட்டார் என்பதை மனசுக்குச் சொல்கிற வேலையைத்தான் இந்தச் சடங்குகள் செய்துவந்தன என்பது அப்போது புரிந்தது. வீடியோ அழைப்பில் குடும்பத்தைக் கூட்டி, படத்துக்கு முன் அவருக்குப் பிடித்த பலகாரத்தை வைத்து, ஆளுக்கொரு நினைவைச் சொல்லச் சொன்னோம். எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை, அந்த நேரத்தில் தோன்றியதைச் செய்தோம்.

அதே மாதம் என் சித்தப்பா போனார். மறுநாள் காலை 10 மணிக்கு, அப்பாவை இழந்த ஒருவருடன் செஷன். தள்ளிப்போட்டிருக்க வேண்டும், போடவில்லை. முடியும்போது அவர் "மேடம், நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார்.

நாங்கள் மூன்று பேர் ஞாயிறு இரவு 9 மணிக்குப் போனில் பேசிக்கொள்வோம். எங்கள் தொழிலில் இதற்கு சூப்பர்விஷன் என்று பெயர். நோயாளியின் பெயர் சொல்லாமல், செஷனில் நான் என்ன செய்தேன் என்று மட்டும் சொல்வேன். அந்த 10 மணி செஷனைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எங்களில் மூத்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அவரை ஏன் அவ்வளவு அவசரமாகத் தேற்றினே?" என் துக்கத்தைக் கேட்க எனக்குப் பயம், அதனால் அவருடையதையும் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவரிடம் திரும்பப் போய் முதலிலிருந்து கேட்டேன். அந்த ஒரு கேள்வி இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

ஓர் உதவி எண்ணில் வேலை பார்த்த என் தோழியை, இன்று எத்தனை அழைப்பு எடுத்தாய் என்று தினமும் கேட்டார்களாம். எடுத்த பிறகு எப்படி இருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நாலாம் மாதம் வேலையை விட்டுவிட்டாள்.

2022 அக்டோபரில் 14416 என்ற மனநல உதவி எண் வந்தது. நல்ல காரியம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் மனநலப் பணியாளர்களை எட்டப் பத்து ஆண்டு அவகாசம் தருகிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018இல், கெடு 2028இல் முடிகிறது. ஆள் எடுக்கும் உத்தரவிலேயே ஒரு வரி சேருங்கள்: வாரத்துக்கு ஒரு மணி நேரம், சம்பளத்தோடு, சூப்பர்விஷன். அப்படியே ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கதவு சாத்துகிற ஓர் அறையும் ஒரு போனும் இருக்கட்டும். வீட்டில் பேச முடியாதவர்கள் அங்கே வந்து பேசுவார்கள்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை அழைப்பு இன்னும் நடக்கிறது, சொந்த ரீசார்ஜில்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு மருத்துவ உளவியலாளர்