கிணற்றுக் கல்லில் வரும் சிப்பிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வட இலங்கையின் மேற்குக் கரையில் பூநகரி முதல் சிலாவத்துறை வரை கிணறு வெட்டும் இடங்களில் கல்லோடு ஒட்டி வரும் சிப்பிகளை ‘யுராசிக் காலத்துச் சிப்பி’ என்று முகநூலில் பகிர்கிறார்கள். இது பிழை. எங்கள் கரையோரச் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது, 2.3 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டது. யுராசிக் காலமோ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. இலங்கையில் அக்காலப் பாறை புத்தளத்துத் தப்போவ போன்ற சில இடங்களில்தான் உண்டு. அங்கே கிடைப்பவையும் செடிகொடிகளின் சுவடுகளே, கடற்சிப்பிகள் அல்ல.

யுராசிக் கடற்சிப்பி எப்படியிருக்கும் என்பதற்குக் கிரிஃபியா என்ற சிப்பி நல்ல உதாரணம். பிரித்தானியாவின் களிமண் படைகளில் ஏராளமாகக் கிடைக்கிறது. இடது ஓடு தடித்து, நகம்போலச் சுருண்டிருக்கும். வலது ஓடு தட்டையான மூடி. குஞ்சுப் பருவத்தில் மட்டும் எதிலாவது ஒட்டியிருந்து, பிறகு சேற்றில் சும்மா கிடந்தது. பாரமான வளைவு கீழே இருந்ததால் வாய் சேற்றுக்கு மேலே நின்றது. அங்குள்ளவர்கள் அதைப் ‘பிசாசின் கால்நகம்’ என்பார்கள்.

எங்கள் கல்லை உடைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். நத்தை இருந்த இடம் பெரும்பாலும் வெறும் பொந்து. சிப்பி மட்டும் ஓட்டோடு, ஏடு ஏடாக இருக்கும். இரண்டு ஓடும் சுண்ணாம்புப் பொருள்தான், ஆனால் கனிம வடிவம் வேறு. நத்தை ஓடு அரகோனைட். நிலத்தடி நீரில் எளிதில் கரைந்துவிடும். சிப்பி ஓடு கல்சைட், அது தாக்குப்பிடிக்கும். உட்புறத்தில் தசை ஒட்டியிருந்த தழும்பு ஒன்றே ஒன்று இருக்கும். மட்டிக்கு இரண்டு. (மன்னார் முத்துச்சிப்பி வேறு குடும்பம், அதையும் இதையும் குழப்பக்கூடாது.)

கிடைத்ததைக் கழுவ வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ வேண்டவே வேண்டாம். நுரைத்தால் பழையது என்று சிலர் சோதிக்கிறார்கள். நேற்றுச் செத்த சிப்பியும் நுரைக்கும், பழைய ஓட்டின் வளர்ச்சிக்கோடுகள்தான் அழியும். நல்ல தண்ணீரும் பழைய பல் பிரஷும் போதும். உவர் நிலத்திலிருந்து வந்ததென்றால் நாலைந்து நாள் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, தினமும் நீர் மாற்றி, நிழலில் காயவிடுங்கள். இல்லாவிட்டால் உப்புப் பூத்து ஏடு கழன்றுவிடும். கல்லிலிருந்து சிப்பியை நெம்பி எடுக்காதீர்கள். சுற்றிலும் இரண்டு விரல் கல்லை விட்டே உடையுங்கள்.

எத்தனை அடி ஆழம், எந்த ஊர், மேலே என்ன மண் என்று ஒரு தாள்துண்டில் பென்சிலால் எழுதி ஓட்டுடனேயே வையுங்கள். அந்தக் குறிப்புத் துண்டு இல்லாத சிப்பி, அழகாக இருந்தாலும் ஆய்வுக்கு அநேகமாக உதவாது. இதற்கென்று புதிதாய்க் கிண்டப் போகவேண்டாம். மிதிவெடி அகற்றி விடப்படாத காணிக்குள் கால் வைக்கவே கூடாது. வெட்டிய கிணற்றடியில் குவிந்து கிடக்கும் கல்லே போதும். அது சல்லியாகவோ சுண்ணாம்பாகவோ போவதற்கு முன் ஒருதரம் புரட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கிளிநொச்சி