மருத்துவ அறிக்கை கேட்கப்படும்போது: உறுப்பினர்கள் கவனத்திற்கு

வெளிநாடுகளில் ஆசிரியப் பணியில் உள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம். பள்ளி நிர்வாகம் மருத்துவப் பரிசோதனை கேட்டால், அது விசா விதியா, நிர்வாகத்தின் சொந்த விருப்பமா என்பதை எழுத்துமூலம் கேட்டறிந்த பிறகே ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுங்கள். ‘என் மருத்துவப் பதிவுகள் அனைத்தையும் வழங்கச் சம்மதிக்கிறேன்’ என்னும் வரி படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கக்கூடும். அதை நீக்கி, குறிப்பிட்ட பரிசோதனையின் பெயரை மட்டும் எழுதித் தரலாமா என்று தயங்காமல் கேளுங்கள். பணிக்குத் தகுதியானவர் என்ற சான்றே நிர்வாகத்துக்குப் போதும் என்பது என் கருத்து. தென் கொரியாவில் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களுக்கு விதிக்கப்பட்டிருந்த கட்டாய எச்.ஐ.வி. பரிசோதனை, ஓர் ஆசிரியையின் முறையீட்டின் மீது 2015-இல் ஐ.நா. இனப்பாகுபாடு ஒழிப்புக் குழுவின் கண்டனத்துக்கு உள்ளாகி, 2017-இல் கைவிடப்பட்டது. ஆலோசனை கேட்பதற்காகக்கூட அறிக்கையின் படத்தை, கடவுச்சீட்டு எண் தெரிய, நம் உறுப்பினர் குழுவில் பதிவிட வேண்டாம். அத்தகைய பதிவு உடனே நீக்கப்படும்.