எக்ஸ்டெண்டா, மிக்ஸினா

சுகந்தி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை, உன்னை விசாரித்தார்கள். ராஜேஷ் அண்ணனுக்குப் பெண் அமைந்துவிட்டது. ஆமாம், அதே ராஜேஷ் அண்ணன்தான்! மற்றதெல்லாம் நேரில்.

சாஸ் என்பது வெப்சைட்டின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸை எழுதித் தரும் மொழி. அதில் ஒரே அலங்காரம் இரண்டு இடத்தில் வேண்டுமென்றால், 'இதுவும் அதைப் போலவே' என்று ஒட்டவைக்கும் எக்ஸ்டெண்டா, பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடத்திலெல்லாம் வரிகளை நகலெடுக்கும் மிக்ஸினா என்று டீ ஆறும்வரை கேண்டீனில் கத்துவோமே, நீ எக்ஸ்டெண்ட் கட்சி, நான் மிக்ஸின் கட்சி, அந்த வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. தோற்றது நீதான். கோபப்படாமல் மேலே படி.

ஒரு வாரப் பத்திரிகையின் வெப்சைட்டைப் புதுப்பிக்கும் வேலை கைக்கு வந்தது. முன்பு செய்தவர்கள் விட்டுப்போன சாஸ் கோப்புகளைத் திறந்தால், திரும்பின பக்கமெல்லாம் எக்ஸ்டெண்ட். சந்தா பட்டனுக்கு ஒரு கிளாஸ், அதாவது அலங்கார விதிகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு பெயர். அதே சிவப்பும் அதே வளைந்த மூலையும் வேண்டும் என்பதற்காகவே, 'கடவுச்சொல் தவறு' என்று காட்டும் பெட்டியும் அந்த கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்கிறது. சந்தா பட்டனைப் பச்சையாக்குங்கள் என்று ஆசிரியர் கேட்டார். ஒரு வரியை மாற்றியதும் 'கடவுச்சொல் தவறு' பச்சையில் வந்து நிற்கிறது! படிப்பவர் உள்ளே போய்விட்டோம் என்றல்லவா நினைப்பார்?

சாஸ் கம்பைல் ஆகி, பிரவுசர் படிக்கும் வடிவில் வந்த சிஎஸ்எஸ்ஸைப் பிரித்துப் பார்த்தேன். பட்டன் கிளாஸின் பெயர் எந்தெந்த செலக்டரில் (விதி யாருக்கு என்று சொல்லும் பகுதி) இருக்கிறதோ, அங்கெல்லாம் அதை எக்ஸ்டெண்ட் செய்த கிளாஸும் போய் ஒட்டிக்கொள்கிறது. சைட்பாருக்குள் பட்டன் சிறியதாக இருக்கட்டும் என்று வேறொரு கோப்பில் யாரோ எழுதியிருக்கிறார்கள். அதனால் சைட்பாரில் பிழைப் பெட்டியும் சுருங்கிவிடுகிறது. அது மட்டுமா? விதிகள் வெளிவருவது பட்டனை எழுதிய இடத்தில். எக்ஸ்டெண்ட் என்று எழுதிய இடத்தில் அல்ல. எது எதை மீறும் என்ற வரிசையே கலைந்துபோகிறது. திரை அளவுக்கேற்ப விதி மாற்றும் மீடியா கொரிக்குள் இருந்துகொண்டு வெளியே இருக்கும் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்யப் போனால், சாஸ் எரர் காட்டி நின்றுவிடும். 2012இல் சாஸ் 3.2 பதிப்போடு, எக்ஸ்டெண்ட் செய்வதற்கென்றே இருக்கும், தானாக வெளிவராத பிளேஸ்ஹோல்டர் வந்ததே என்பாய். செலக்டர் கண்ட இடத்தில் பெருகுவது அதனால் குறையும், சரி. சம்பந்தமில்லாத இரண்டைக் கட்டிப்போடுவது குறையாதே.

மிக்ஸின் போட்டால் கோப்பு வீங்கும் என்பதுதான் உன் பிரம்மாஸ்திரம். வீங்கும்தான். ஆனால் சர்வர் அதை ஜிஸிப் முறையில் சுருக்கித்தானே அனுப்புகிறது? ஜிஸிப் 32 கேபி தூரம் வரை பின்னால் பார்த்து, முன்பே வந்த வரியை மறுபடி எழுதாமல் 'அங்கே பார்' என்று குறித்துவிடும். மிக்ஸின் கக்குகிற வரிகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதால் அதற்கு வேலை சுலபம்.

இனி சொல்லப்போவதை நிதானமாகப் படி, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு பெட்டிகள் இன்றைக்கு ஒரே நிறத்தில் இருப்பது தற்செயல். நாளைக்கும் அவை சேர்ந்தே மாற வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் சேர்த்து எழுத வேண்டும். இந்த வேலைக்கு 'தமிழ்ப் பத்தி' என்று ஒரு மிக்ஸின் எழுதினேன். ஆங்கிலத்துக்கு என்று வைத்த 1.4 லைன் ஹைட்டை (எழுத்தளவின் 1.4 மடங்கு வரி உயரம்) அப்படியே தமிழுக்கும் விட்டிருந்தார்கள். மேல் வரியில் 'எழுந்தது', கீழ் வரியில் 'நீதிமன்றம்' வந்தால், ழுவின் வாலும் நீயின் சுழியும் முட்டிக்கொள்கின்றன. அதனால் லைன் ஹைட் 1.8. ஆங்கிலத் தலைப்புக்காகப் போட்ட எழுத்து இடைவெளியில் தமிழ்ச் சொல் உதிர்ந்து கிடந்தது, அதைச் சுழியமாக்கினேன். எழுத்தின் அளவு மட்டும் ஆர்க்யுமெண்ட், கூப்பிடும்போது கொடுக்க வேண்டியது. கட்டுரை, படக்குறிப்பு, வாசகர் கடிதம் மூன்றும் இதைக் கூப்பிடுகின்றன. நாளைக்கே எழுத்துருவை மாற்றினால் இவை மூன்றும் சேர்ந்து மாறித்தான் ஆக வேண்டும். பட்டனும் பிழைப் பெட்டியும் அப்படியா, நீயே சொல்.

பிரவுசரே எல்லாம் செய்கிறது, சாஸ் எதற்கு என்று உன் ஆபீஸில் பேசுகிறார்கள் என்றாயே. விதிக்குள் விதி எழுதும் நெஸ்டிங் 2023இல் எல்லா முக்கிய பிரவுசருக்கும் வந்துவிட்டது, உண்மைதான். இரவு நிறத்துக்கு (டார்க் மோட்) பிரவுசரில் ஓடும்போதே மாறக்கூடிய சிஎஸ்எஸ் வேரியபிள்தான் சரி, சாஸ் வேரியபிள் கம்பைலோடு முடிந்துபோகும். ஆனால் எல்லா பிரவுசரையும் நம்பி எழுத நேரடி மிக்ஸின் இன்னும் கிடையாது. நான் விடுவதாக இல்லை.

கடைசியாக ஒன்று. உன் பதிப்பகக் கோப்புகளில், ஒரு சாஸ் கோப்பை இன்னொன்றில் சேர்க்க இன்னும் இம்போர்ட்தானே? 2024 அக்டோபரில் வந்த சாஸ் 1.80இலிருந்து அதற்கு எச்சரிக்கை காட்டுகிறது, 3.0இல் எடுத்தே விடப்போகிறார்கள். அதற்குப் பதிலாக வந்த யூஸுக்கு மாறிவிடு. எந்த மிக்ஸின் எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்பது பெயரிலேயே தெரியும். மாற்றிக் கொடுக்க சாஸ் மைக்ரேட்டர் இருக்கிறது. எந்தெந்தக் கோப்பைத் தொடப்போகிறது என்று முதலில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு ஓட விடு. எங்காவது சிக்கினால் கோப்புகளை அனுப்பு, சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை.

அன்புடன்,
நித்யா